டியூனிங் கருவி பொருத்திய காரில் 'கீச்' இரைச்சலா? ரேடியோவை அடக்கினால் தீருமா? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: காரின் இழுவைத் திறனைக் கூட்டுவதற்காக வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தப்படும் டியூனிங் கருவிகள், பல நேரங்களில் எதிர்பாராத ஒரு தொல்லையையும் உடன் கொண்டு வருகின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் எழும் 'கீச்' ஒலி, எஃப்எம் நிலையங்களை மூழ்கடிக்கும் சீறல், ரிமோட் சாவி அருகில் வந்தால்தான் கதவு திறப்பது போன்றவை அதன் அடையாளங்கள். மின் இரைச்சல் எனப்படும் இந்தக் கோளாறைப் பெரும்பாலான உரிமையாளர்கள் ஆடியோ பழுது என்றே எண்ணி, ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தி ஒலியை அடக்கிவிடுகின்றனர்.

ஆனால் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல் நோயன்று. நோயின் அறிகுறி மட்டுமே. அதே இரைச்சல் இன்ஜினின் சென்சார் வயர்களிலும் ஏறக்கூடும். அப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி தவறான அளவுகளைப் படித்து, திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும் வேளையில் கார் திடீரென இழுவையை இழந்தால் விளைவு விபரீதமாகலாம்.

இந்த இரைச்சல் எங்கே பிறக்கிறது, அதை எந்த வரிசையில் தேடுவது, எந்தக் கட்டத்தில் கருவியையே கழற்றிவிடுவது நல்லது என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

டியூனிங் கருவி என்ன செய்கிறது?

இந்தியாவில் பரவலாக விற்கப்படுபவற்றில் முதன்மையானது 'டியூனிங் பாக்ஸ்' எனப்படும் சிறு பெட்டி. இது இன்ஜின் கணினியான இசியுவின் மென்பொருளைத் தொடுவதில்லை. சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவே அமர்ந்து, சென்சார் அனுப்பும் மின்னழுத்தத்தைச் சற்றே மாற்றி அனுப்புகிறது.

காமன் ரெயில் டீசல் இன்ஜினை எடுத்துக்கொண்டால், எரிபொருள் குழாயில் உள்ள அழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து, ஏறத்தாழ 0.5 முதல் 4.5 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாக இசியுவுக்குத் தெரிவிக்கும். டியூனிங் பாக்ஸ் அந்த அளவைக் குறைத்துக் காட்டும். அழுத்தம் போதவில்லை என்று எண்ணும் இசியு அதை உயர்த்தும். அதனால் அதே நேர அளவில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள் பாயும், இழுவை கூடும். டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் காற்றழுத்த சென்சாரை வைத்து இதே உத்தி கையாளப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேயே உள்ளது. 0.5 வோல்ட் என்பது 0 பார் அழுத்தத்தையும், 4.5 வோல்ட் என்பது 1,800 பார் அழுத்தத்தையும் குறிப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 1 வோல்ட் என்பது 450 பாருக்குச் சமம். வயரில் 0.05 வோல்ட் இரைச்சல் ஏறினாலே இசியு கணக்கிடும் அழுத்தத்தில் 22 பாருக்கும் மேலான பிழை ஏற்படும். ஸ்பீக்கரில் மெல்லிய ஒலியாகக் கேட்பது, சென்சார் வயரில் இவ்வளவு பெரிய பொய்யாக மாறக்கூடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

காரின் மின்சுற்று எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. ஆல்டர்நேட்டர் மாறுதிசை மின்னோட்டத்தை உருவாக்கி, டயோடுகள் வழியே நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. அந்த மாற்றத்தில் சிற்றலைகள் எஞ்சும். பெட்ரோல் கார்களில் இக்னிஷன் காயில்கள் பல்லாயிரம் வோல்ட் பொறிகளை உண்டாக்குகின்றன. காமன் ரெயில் டீசல் கார்களில் இன்ஜெக்டர்களைத் திறக்க, பேட்டரியின் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் நொடிக்குப் பலமுறை பாய்ச்சப்படுகிறது. எரிபொருள் பம்பு, ரேடியேட்டர் ஃபேன், வைப்பர் மோட்டார் ஆகியவையும் தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கின்றன.

கார் நிறுவனங்கள் இதையெல்லாம் கணக்கில் கொண்டே வயரிங்கை அமைக்கின்றன. எந்த சென்சாருக்கு எங்கே எர்த் தருவது, எந்த வயரை முறுக்கி இணையாகக் கொண்டு செல்வது, எதற்குக் கவச உறை இடுவது என்பவை சோதித்து முடிவு செய்யப்பட்டவை. வாகனங்களின் மின்காந்த இணக்கத்துக்காக இந்தியாவில் ஏஐஎஸ்-004 என்ற தரநிலை நடைமுறையில் உள்ளது. புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்றவற்றில் இதற்கான ஆய்வகங்கள் உள்ளன.

வெளியில் வாங்கிய கருவி இந்தச் சமநிலைக்குள் மூன்று வழிகளில் இடையூறாக நுழைகிறது. முதலாவது, கருவிக்கு உள்ளேயே இருக்கும் மின்மாற்றிச் சுற்று. 12 வோல்ட்டை 5 அல்லது 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் இச்சுற்று, நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும். மலிவான கருவிகளில் ஃபில்டர் பாகங்கள் குறைக்கப்பட்டிருந்தால் அந்தத் துடிப்பு வெளியே கசியும். இரண்டாவது, கருவிக்கு எர்த் எடுக்கப்பட்ட இடம். மூன்றாவது, கூடுதலாக இழுக்கப்பட்ட வயர். சரியான பாதையில் செல்லாத வயர், ஆண்டெனா போலச் சுற்றுப்புற இரைச்சலை வாங்கிக்கொள்ளும்.

ஒலியின் தன்மையே முதல் தடயம்

எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன், இரைச்சலைக் கூர்ந்து கேட்பது பாதி வேலையை முடித்துவிடும் என்பது வாகன மின்பழுது நீக்குவோரின் பொதுவான அணுகுமுறை.

- இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி என்றால், ஆல்டர்நேட்டர் சிற்றலையோ எர்த் குறைபாடோ காரணமாக இருக்கலாம்.
- வேகத்துக்கு ஏற்பத் துரிதமாகும் 'டிக் டிக்' ஒலி என்றால், இக்னிஷன் அல்லது இன்ஜெக்டர் வயர்களின் துடிப்பு பரவுகிறது என்று பொருள்.
- இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திருகிய நிலையிலும் மாறாமல் கேட்கும் சீறல் என்றால், கருவியின் உள்சுற்றே முதல் சந்தேகத்துக்குரியது.
- ஃபேன், வைப்பர், பம்பு இயங்கும்போது மட்டும் எழும் கரகரப்பு என்றால், அந்த மோட்டார்களையும் அவற்றின் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

ஆல்டர்நேட்டரின் ஒலி ஏன் கீச்சென்று கேட்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 12 துருவங்கள் கொண்ட மும்முனை ஆல்டர்நேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை உண்டாக்கும். அது இன்ஜினைவிட மூன்று மடங்கு வேகத்தில் சுழல்கிறது எனக் கொண்டால், இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது சிற்றலையின் அதிர்வெண் 1,440 ஹெர்ட்ஸாக இருக்கும். 2,000 சுற்றில் அது 3,600 ஹெர்ட்ஸாக உயரும். இரண்டுமே மனிதச் செவிக்கு நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வருபவை. மாறாக, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 900 சுற்றில் நொடிக்கு 30 முறைதான் பொறியை உண்டாக்கும். அதனால்தான் இக்னிஷன் இரைச்சல் கீச்சென்று ஒலிக்காமல் தட்டுவது போலக் கேட்கிறது.

இரைச்சல் எஃப்எம் கேட்கும்போது மட்டும் வருகிறதா, புளூடூத், யுஎஸ்பி பாடல்களிலும் வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எஃப்எம்மில் மட்டும் என்றால் அது காற்று வழியே ஆண்டெனாவை அடைகிறது. எல்லாவற்றிலும் என்றால், மின்சார வயர் அல்லது எர்த் வழியே ஆடியோ அமைப்புக்குள் நுழைகிறது. தேடும் பாதை இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

முதல் சோதனை: குற்றவாளி கருவிதானா?

டியூனிங் பாக்ஸுடன் பெரும்பாலும் ஒரு மாற்று பிளக் தரப்படும். கருவியைக் கழற்றி அதைப் பொருத்தினால், சென்சார் பழையபடி நேரடியாக இசியுவுடன் இணையும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்தே இதைச் செய்ய வேண்டும். அதன்பின் காரை ஓட்டிப் பார்த்து, இரைச்சல் நின்றுவிட்டதா என உறுதி செய்யலாம்.

நிற்கவில்லை என்றால் டியூனிங் கருவியின் மீது பழி போடுவது தவறு. மலிவான எல்இடி முகப்பு விளக்குகள், டேஷ் கேமராக்கள், சிகரெட் லைட்டர் குழியில் செருகும் மொபைல் சார்ஜர்கள் ஆகியவையும் இதே வகைச் சுற்றுகளைக் கொண்டவை. எஃப்எம் ஒலிபரப்பைக் கெடுப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால், எது பலன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

கருவியின் பெட்டியை மட்டும் கழற்றி, அதன் வயர்த் தொகுப்பை அப்படியே விட்டுப் பார்ப்பது அடுத்த படி. பெட்டி இல்லாதபோதும் இரைச்சல் தொடர்ந்தால், கருவியின் வயர் ஆண்டெனாவாகச் செயல்படுகிறது என்பது புலனாகும்.

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அது இங்கே சிறந்த துப்பறியும் கருவியாகிவிடும். மத்திய அலைவரிசையில், எந்த நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை வைத்து, சாவியை மட்டும் திருகிய நிலையில் கருவி, வயர், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றின் அருகே மெல்ல நகர்த்த வேண்டும். இரைச்சல் உரக்க ஒலிக்கும் இடமே அது பிறக்கும் இடமாகவோ, வெளியேறும் இடமாகவோ இருக்கும். கருவியின் உள்சுற்று எழுப்பும் துடிப்புகள் பெரும்பாலும் இந்த அலைவரிசையிலும் அதன் மடங்குகளிலும் விழுவதே இதற்குக் காரணம்.

எர்த் சரியாக உள்ளதா?

இரைச்சல் புகார்களில் முதலில் சரிபார்க்க வேண்டியது எர்த் இணைப்புதான். வண்ணம் பூசிய தகட்டின் மீது போல்ட்டை முறுக்குவது, ஏற்கெனவே நான்கு வயர்கள் உள்ள போல்ட்டில் ஐந்தாவதாகச் சேர்ப்பது, வயரின் உறையைச் சுரண்டி முறுக்கி டேப் ஒட்டுவது ஆகியவை வழக்கமான தவறுகள். பொருத்திய நாளில் இவை நன்றாகவே இயங்கும். ஒரு மழைக்காலம் கடந்ததும், அல்லது கடலோர ஊர்களின் உப்புக்காற்று பட்டதும் இணைப்பில் துரு ஏறி, மின்தடை கூடிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. சாதாரண மல்டிமீட்டர் வேண்டும். இன்ஜின் ஓடும் நிலையில் முகப்பு விளக்கு, ஏசி, பின்கண்ணாடிச் சூடேற்றி ஆகியவற்றை இயக்க வேண்டும். மீட்டரை நேர்திசை மின்னழுத்தத்தில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைக் கருவியின் எர்த் வயரிலும் தொட வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை உள்ளது. இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்குச் செல்லும் தடித்த எர்த் பட்டையையும் இதே முறையில் சோதிக்கலாம்.

எர்த் இடத்தை மாற்றும்போது பூச்சை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, பின்னர் துருத் தடுப்புப் பூச்சு இட வேண்டும். சென்சார் சிக்னலைக் கையாளும் கருவியின் எர்த், ஆம்ப்ளிஃபையர் அல்லது ஃபேன் மோட்டாருடன் ஒரே போல்ட்டைப் பகிரக் கூடாது. பெரிய மின்னோட்டம் பாயும் அந்த இடத்தில் ஏற்படும் ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் சென்சார் அளவில் கலந்துவிடும்.

இன்ஜின் தானாக நின்று இயங்கும் வசதி கொண்ட கார்களில் கூடுதல் கவனம் தேவை. இவற்றில் பேட்டரியின் எதிர்முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். எர்த் வயரை நேரடியாக பேட்டரி முனையில் மாட்டினால், அந்த மின்னோட்டம் கணக்கில் வராமல் போகும். எனவே பாடியில் குறிக்கப்பட்ட எர்த் இடத்திலேயே இணைக்க வேண்டும்.

ஆல்டர்நேட்டரும் பேட்டரியும்

எர்த் சரியாக இருந்தும் கீச்சொலி தொடர்ந்தால், மின்சாரம் வரும் மூலத்தைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்நேட்டரைக் கணினியே கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த அளவு அடிக்கடி மாறுவது இயல்பு.

அடுத்து மீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்துக்கு மாற்றி, பேட்டரி முனைகளில் சிற்றலையை அளக்கலாம். நல்ல நிலையில் இது 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.5 வோல்ட்டை நெருங்கினால் ஆல்டர்நேட்டரின் டயோடு ஒன்று பழுதாகியிருக்கலாம். அப்படியெனில் டியூனிங் கருவி இரைச்சலை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பழுதை வெளிக்காட்டியிருக்கிறது. பேட்டரி ஒரு பெரிய சிற்றலை வடிகட்டியாகவும் செயல்படுவதால், ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள பேட்டரியும் இரைச்சலைக் கூட்டும்.

கருவிக்கான மின்சாரத்தை ரேடியோவின் ஃபியூஸிலிருந்தோ சென்சார் வயரிலிருந்தோ பிரித்து எடுப்பதும் தவறு. உரிய அளவு ஃபியூஸுடன் தனி வயர் எடுப்பதே முறையானது.

வயர் செல்லும் பாதை

இன்ஜின் அறையில் வயர் எந்த வழியே செல்கிறது என்பது பலரும் கவனிக்காத ஒன்று. இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், ஆல்டர்நேட்டர் கேபிள் ஆகியவற்றுக்கு இணையாகச் சென்சார் வயரைக் கட்டி வைத்தால், ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் தூண்டப்படும். இடைவெளி விட்டுக் கொண்டு செல்ல வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

மிஞ்சிய வயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதும் இரைச்சலை வரவேற்பதாகும். தேவையான நீளத்துக்கு வெட்டி, சிக்னல் வயரையும் அதன் எர்த் வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டு சென்றால், இரண்டிலும் ஏறும் இரைச்சல் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். கவச உறை உள்ள சென்சார் வயர் என்றால், உறையை இசியு பக்கத்தில் மட்டும் எர்த் செய்வது வழக்கம். இரு முனைகளிலும் இணைத்தால் உறை வழியாகவே மின்னோட்டம் சுற்றத் தொடங்கிவிடலாம்.

பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டது உள்தடை கொண்ட பிளக்காக இருந்து, டியூனிங்குடன் சேர்த்து உள்தடை இல்லாத பிளக்குகள் மாற்றப்பட்டிருந்தால், இரைச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஃபில்டர் கடைசியில்தான்

மேற்கண்டவை அனைத்தும் முடிந்த பின்னரே ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். சந்தையில் எளிதில் கிடைக்கும் ஃபெரைட் வளையம், மெகாஹெர்ட்ஸ் அளவிலான சீறலைக் குறைக்க உதவும். ஆனால் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆல்டர்நேட்டர் கீச்சொலியில் அது எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தாது. அதற்கு மின்சார வயரில் காயிலும் கெபாசிட்டரும் கொண்ட ஃபில்டர் வேண்டும்.

ஆடியோ வயரில் பொருத்தப்படும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் குறித்து எச்சரிக்கை தேவை. அது ஸ்பீக்கரை அமைதியாக்கிவிடும். சென்சார் வயரில் ஓடும் இரைச்சலை அது தொடுவதே இல்லை. தீ அணையாமலேயே எச்சரிக்கை மணியை நிறுத்துவதற்கு ஒப்பானது இது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன பொருள்?

இரைச்சல் ஆடியோவோடு நிற்காமல் இன்ஜினையும் பாதிக்கிறது என்பதை டேஷ்போர்டில் எரியும் இன்ஜின் விளக்கு உணர்த்தும். ஸ்கேனரில் பதிவாகும் பிழைக் குறியீடுகள் பாதையைக் காட்டும். பி0335 என்பது கிராங்க் சென்சார் சுற்றையும், பி0325 என்பது நாக் சென்சார் சுற்றையும், பி0191 என்பது எரிபொருள் குழாய் அழுத்த சென்சாரையும், யூ0100 என்பது இசியுவுடனான தொடர்பு அறுந்ததையும் குறிக்கும். இவற்றைக் கண்டதும் சென்சாரை மாற்றுவது வீண் செலவாக முடியலாம். கருவியைக் கழற்றி, குறியீட்டை அழித்து, மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

நாக் சென்சாரின் கதை இதில் ஒரு முரண்நகை. இன்ஜினில் முறையற்ற வெடிப்பு நிகழ்வதை அதிர்வின் மூலம் உணரும் இந்த சென்சாரின் சிக்னல் மிகச் சிறியது. அதில் இரைச்சல் ஏறினால், வெடிப்பு நிகழ்வதாக எண்ணி இசியு பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். இழுவை குறையும், எரிபொருள் செலவு கூடும். திறனைக் கூட்டப் பணம் செலவிட்டுக் கருவி வாங்கியவர், அதன் இரைச்சலாலேயே இருந்த திறனையும் இழக்க நேரிடும்.

கிராங்க் சென்சார் பாதிக்கப்பட்டால் நிலைமை இன்னும் தீவிரமானது. பல கார்களில் 60 பற்களுக்கான இடைவெளியில் இரண்டு பற்கள் நீக்கப்பட்ட சக்கரத்தைப் பார்த்துத்தான் இசியு பிஸ்டனின் நிலையைக் கணக்கிடுகிறது. இரைச்சலால் இல்லாத பல் ஒன்று இருப்பதாகத் தோன்றினால் கணக்கு குழம்பும். இன்ஜின் தடுமாறலாம், ஓட்டத்திலேயே அணைந்தும் போகலாம்.

ஓபிடி போர்ட்டில் செருகும் கருவிகள் வேறு வகை. இவை கேன் எனப்படும் தகவல் தொடர்புப் பாதையில் இணைகின்றன. போர்ட்டின் 6, 14ஆம் முனைகள் இப்பாதைக்கு உரியவை. 16ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். பேட்டரி இணைப்பை நீக்கியபின் 6, 14 முனைகளுக்கு இடையே பொதுவாக 60 ஓம் மின்தடை காணப்படும். சில கார்களில் இது மாறுபடும் என்பதால், கருவியுடனும் கருவி இன்றியும் அளந்து ஒப்பிடுவதே சரியானது. கருவியைச் செருகியதும் மின்தடை வெகுவாகக் குறைந்தால், அது பாதையையே சுமைப்படுத்துகிறது என்று பொருள். காரை நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது இக்கருவியை விட்டுவைத்தால் பேட்டரியும் வடியலாம்.

எதைத் தொடக் கூடாது?

மஞ்சள் நிற உறையில் செல்லும் ஏர்பேக் வயர்களில் மீட்டர் முனையைச் செருகக் கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிருக்கு ஆபத்தானவை. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றுவதும், வயர் உறையை ஊசியால் குத்தி அளப்பதும் தவிர்க்க வேண்டியவை. ஊசி போட்ட துளை வழியே ஈரம் புகுந்து, சில மாதங்களில் புதிய பழுது ஒன்று தொடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தில் மாற்றம் செய்வதைத் தடை செய்கிறது. இதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றங்களைச் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துள்ளன. 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓடும்போதே புகை அளவைச் சோதிக்கும் முறையும் புதிய கார்களின் சான்றளிப்பில் சேர்ந்துள்ளது. எரிபொருள் அளவை மாற்றும் கருவி இந்தப் புகை வரம்பையும் பாதிக்கக்கூடும். அங்கீகரிக்கப்படாத மாற்றங்களால் விளையும் பழுதுகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்பது கார் நிறுவனங்கள் பொதுவாக விதிக்கும் நிபந்தனை. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், இழப்பீடு கோரும் நேரத்தில் சிக்கலாக மாறலாம்.

எப்போது கழற்றிவிட வேண்டும்?

எர்த், மின்சாரம், வயர் பாதை ஆகிய மூன்றையும் சீர்செய்த பின்னரும் ஸ்பீக்கரில் சீறல் நீடித்தால், கருவியின் உள்சுற்றே தரமற்றது என்ற முடிவுக்கு வரலாம். அதை வெளியிலிருந்து முழுமையாகச் சரிசெய்வது கடினம். இன்ஜின் விளக்கு எரிவது, ஓட்டத்தில் இழுவை திடீரெனக் குறைவது, இன்ஜின் அணைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒருமுறை நிகழ்ந்தாலும், காரணம் தெரியும்வரை கருவியைக் கழற்றி வைத்து, சென்சாரைப் பழையபடி இணைத்துவிடுவதே பாதுகாப்பானது.

ஸ்பீக்கரில் எழும் அந்தக் கீச்சொலி, காரின் மின்சுற்றில் ஏதோ ஓரிடத்தில் ஒழுங்கு குலைந்துள்ளது என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறது. அதை அடக்குவதற்கு முன் காரணத்தைத் தேடினால், சில நூறு ரூபாய் செலவில் முடிய வேண்டிய எர்த் வேலை, பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள சென்சார் மாற்றமாக வளர்வதைத் தடுக்கலாம். அதைவிட முக்கியமாக, நெடுஞ்சாலையில் நடுவழியில் கார் நின்றுபோகும் ஆபத்தையும் தவிர்க்கலாம்.